மருந்துக்கடை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்துபவர்களுக்கும், அங்கே மேசைக்குப் பின்னால் நிற்கும் தம்பி தங்கைமாருக்கும்,

வணக்கம். பெயர் போடாவிட்டாலும் உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் தபால் கொண்டு திரிகிறவன் நான். முதலில் மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம், இப்போது உப்புவெளியிலிருந்து சாம்பல்தீவு வரை. பதிவுத் தபாலுக்கு உங்கள் மேசையில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இந்த முறை கொண்டு வருவது என்னுடைய கடிதம். கொஞ்சம் நீளம். ஆட்கள் குறைந்த மத்தியான நேரத்தில் வாசியுங்கள்.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்தோல் அழன்று, புண்ணாகி, இரத்தம் கசிகிற வருத்தம். 2013இல் தொடங்கியது. அதற்குப் பெயர் தெரிய ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் நான் ஒரு டொக்டரையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன்.

மலம் சிவப்பாகப் போன முதல் நாள், முந்தின நாள் சாப்பிட்ட பீட்ரூட் கறி என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் அப்படியே போனபோது பயம் வந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிது. டொக்டரிடம் போனால் எந்த இடத்தைப் பார்ப்பார் என்று தெரியும்தானே. ஆகவே ஒரு கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, எதுவாகவும் இருந்திருக்கலாம். "மூலமாத்தான் இருக்கும் அண்ணை. நாள் முழுக்கச் சைக்கிளில இருக்கிற ஆக்களுக்கு வாறதுதானே" என்றார் அங்கே நின்றவர். எனக்கும் அது பெரிய ஆறுதலாகப் போய்விட்டது. பழியைச் சைக்கிள் சீற்றில் போட்டுவிட்டு, ஒரு பூச்சு மருந்தும் ஒரு கிழமைக்குக் குளிசையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மாமி தன் பங்குக்கு உடம்புச் சூடு என்றார். கருணைக்கிழங்கும் துத்தி இலையும் குசினிக்கு வந்து சேர்ந்தன.

மூலத்திலும் இரத்தம் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் மலம் போனபிறகு சொட்டுகிற பளிச்சென்ற இரத்தம். எனக்குப் போனது சளியோடு கலந்தது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம். சாமம் இரண்டு மணிக்கும் எழுப்பிவிடும். போய்விட்டு வந்தபிறகும் இன்னும் இருக்கிறது போல ஒரு முக்கல். ஐந்து கிலோ குறைந்து, காற்சட்டைக்குப் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தேன். "எத்தினை நாளா அண்ணை? எத்தினை தரம்? இரவிலயும் எழும்புறீங்களா? மெலிஞ்சு போனீங்களா?" என்று அந்த மேசையில் யாராவது கேட்டிருந்தால் நான் மறைத்திருக்க மாட்டேன். நானாகச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இரண்டாம் மாதம் அது கிருமி என்றானது. மெட்ரோனிடசோல் ஐந்து நாளைக்குத் தந்தார்கள். இதில் உங்களை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அமீபாவும் இப்படித்தான் இரத்தமும் சளியுமாகப் போக வைக்கும், நம் பக்கத்தில் முதலில் அதை நினைப்பது இயல்பு. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள மலப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. நான் பரிசோதனை இல்லாமலே அந்த மருந்தை மூன்று முறை, மூன்று கடைகளில் வாங்கி முடித்தேன். ஒரே கடையில் வாங்கியிருந்தால் யாராவது என்னை நிறுத்தியிருப்பார்களோ என்று சிலவேளை யோசிப்பேன்.

பிறகு முழங்கால் வீங்கியது. குடலுக்கும் முழங்காலுக்கும் என்ன உறவு என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? இந்த வருத்தம் குடலோடு நிற்பதில்லை. மூட்டு வீங்கும், கண் சிவந்து நோகும், கணுக்காலுக்கு மேலே சிவந்த கட்டிகள் வரும். நான் முழங்காலைத் தனி வருத்தமாக எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்குப் போனேன். டைக்ளோபெனாக் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்தது, வயிறு கூடிவிட்டது. கொலைட்டிஸ்காரருக்கு அந்த வகை நோக்குளிசை வருத்தத்தைக் கிளப்பிவிடக்கூடியது என்று பிறகுதான் அறிந்தேன். டைக்ளோபெனாக் மட்டுமல்ல, இபுப்ரோபெனும் அப்படித்தான். நோவுக்குப் பெரசிட்டமோல் பரவாயில்லை. "வயிற்றுப் பிரச்சினை ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கடைசியாக நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். மூதூரில் அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தப் பயணம் ஒரு பயணமே இல்லை, ஆனாலும் பஸ்சில் மலசலகூடம் கிடையாதே. தாய்மாமன் போகாமலும் இருக்க முடியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போக்கை நிறுத்துகிற லோபரமைட் குளிசை கேட்டேன். கடை வாசலில் மான் ஒன்று காட்போர்ட் பெட்டியை மென்றுகொண்டு நின்றது. அது மட்டும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. காய்ச்சல் இருக்கிறதா, இரத்தம் போகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டும் இருந்தது. நான்கு குளிசையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போக்கு நின்றது. மூதூரில் பந்தியில் இருக்கும்போது வயிறு உதைபந்து மாதிரி ஊதத் தொடங்கியது. இரவு காய்ச்சல் ஏறி, நாடி ஓட, அடுத்த நாள் வாட்டில் கிடந்தேன்.

புண்ணாகிக் கிடக்கிற பெருங்குடலின் அசைவை மருந்து போட்டு நிறுத்தினால் அது காற்றடைத்து விரியலாம். எக்ஸ்ரேயில் 6 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஆபத்து. குடல் கிழிந்துவிடலாம், அதற்குமுன் வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் பை போட வேண்டி வரும். எனக்கு 6க்குக் கிட்டவாக வந்து நின்றது. நாளாந்தம் எக்ஸ்ரே எடுத்தார்கள், நரம்பில் ஸ்டீரொயிட் ஏற்றினார்கள், இரண்டு பைந்து இரத்தமும் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வயிறு தணிந்தது. சத்திரசிகிச்சை டொக்டர் தினமும் வந்து என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் வராமல் விட்ட நாளில்தான் எனக்கு நித்திரை வந்தது.

1955இல் ஒக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு டொக்டர்மார் எழுதிவைத்த கணக்கு இன்றைக்கும் வாட்டில் பாவனையில் இருக்கிறது. நாளைக்கு ஆறு தரமோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போக்கு, அதோடு காய்ச்சல், அல்லது நாடி 90க்கு மேல், அல்லது இரத்தம் நன்றாகக் குறைந்த நிலை. இப்படி ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்றால் அவருக்கு விற்க உங்களிடம் ஒன்றும் இல்லை. ஓட்டோ ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அதற்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற எல்லோரையும் பயப்படுத்தவும் தேவையில்லை. பரீட்சைக் காலத்தில் போக்கு வருகிற பிள்ளை, பால் குடித்தால் ஊதுகிறவர், பல வருடமாக மலச்சிக்கலும் போக்கும் மாறிமாறி வந்தாலும் உடம்பு மெலியாதவர், இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குடல் புண்ணாகி இராது. இரத்தம், மெலிவு, இரவில் எழுப்புகிற போக்கு, விடாத காய்ச்சல் என்பனதான் வேறு கதை சொல்கிறவை.

கிளினிக் வரிசையில் எனக்குப் பழக்கமான கிண்ணியாத் தம்பி ஒருவர் இருக்கிறார். அவருக்குக் குரோன் நோய். குடலில் என்னுடைய புண் பெருங்குடலோடு நிற்கிறது, அவருடையது வாயிலிருந்து குதம் வரை எங்கேயும் வரலாம், குடல் சுவரை முழுக்கத் துளைத்துக்கொண்டு போகலாம். குடல் ஒடுங்கி அடைக்கும், பக்கத்து உறுப்புக்கு வழி திறக்கும். அவருக்குக் குதத்துக்குப் பக்கத்தில் மூன்று முறை கட்டு வந்து, மூன்று முறையும் கீறிவிட்டு அன்டிபயோட்டிக் கொடுத்து அனுப்பினார்களாம். நான்காம் முறைதான் அது சாதாரணக் கட்டு இல்லை, குடலிலிருந்து வருகிற புரை என்று பிடிபட்டது. அதற்குப் பிறகும் இது குரோனா, குடல் காசமா என்று முடிவெடுக்க மாதக்கணக்காயிற்று. நம் நாடுகளில் இந்த இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள டொக்டர்மாருக்கே பாடு. பிழைத்தால் இரண்டு பக்கமும் கெடுதி: காசத்துக்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் காசம் பரவும், குரோனுக்குக் காச மருந்து கொடுத்தால் குரோன் தன்பாட்டில் குடலைத் தின்னும்.

இப்போது அவருக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். முதலில் ஏற்றிய நாளிலிருந்து இரண்டாம் கிழமை, ஆறாம் கிழமை, பிறகு எட்டுக் கிழமைக்கு ஒரு தரம். அதற்குக் கொழும்புக்குப் போகிறார். பஸ் வேண்டாம், இரவுக் கோச்சிதான். ஏன் என்று கேட்டேன். "கோச்சியில டொய்லட் இருக்கே நானா" என்றார். (முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். நானும் திருத்தியதில்லை.) அந்த மருந்து உடம்பில் ஒளிந்திருக்கிற காசத்தை எழுப்பிவிடக்கூடியது. ஆகவே அவர் உங்கள் கடைக்கு "விடாத இருமல், ஒரு சிரப் தாங்க" என்று வந்தால், சிரப்பை எடுக்கமுதல் வேறு என்ன மருந்து ஏற்றுகிறார் என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்டீரொயிட் பற்றி நான் என்னையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியால் வரும்போது பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசைக்கு மருந்துத் துண்டு தந்தார்கள், கிழமைக்கு ஒரு குளிசை குறைத்துக்கொண்டு வந்து நிறுத்தச் சொல்லி. அது என்ன மாயமருந்து! இரத்தம் நின்றது, பசி வந்தது, சோறும் மீன் குழம்புமாக வெட்டினேன். நிறுத்த மனம் வரவில்லை. கசங்கிப்போன அதே துண்டைக் காட்டி எட்டு மாதம் வாங்கினேன். துண்டில் திகதி இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. முகம் பூரித்துச் சந்திரன் மாதிரி ஆனது. தபால் கொடுக்கிற வீடுகளில் "கலியாணம் கட்டினபிறகுதான் நல்லாய் வந்திருக்கிறியள்" என்றார்கள், எனக்குக் கலியாணம் முடிந்து பத்து வருடம் அப்போது. சீனி ஏறியது. எலும்பும் கண்ணும் என்ன ஆகும் என்று டொக்டர் சொன்னபோதுதான் விழித்தேன். தீ பிடித்தால் அணைப்பதற்குள்ள மருந்து அது, வருடக்கணக்காகக் குடித்துக்கொண்டு இருப்பதற்கு இல்லை. அதற்காக "பழைய துண்டு, தரமாட்டேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாலும் கரைச்சல். மாதக்கணக்காகக் குடித்தவர் திடீரென்று விட்டால், தானே சுரக்க வேண்டியதை உடம்பு மறந்துபோயிருக்கும். விழுந்துவிடுவார். "இன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கோ, குளிசையைச் சடாரெண்டு விட்டுடாதேங்கோ" என்ற இரண்டு வசனம் போதும்.

என்னை இன்றுவரை நிமிர்த்தி வைத்திருப்பது, குடல் அழற்சியைத் தணிக்கிற மெசலசீன். சிலருக்குச் சல்பசலசீன், விலை குறைவு. ஸ்வீடன் நாட்டு டொக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1930களின் கடைசியில் மூட்டுவாதத்துக்கென்று உண்டாக்கியது, குடலுக்கு அதைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதைக் கொடுக்கும்போது சலம் செம்மஞ்சளாகப் போகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாததால் பயந்து மருந்தையே விட்டவரை எனக்குத் தெரியும்.

மெசலசீனில் இன்னொரு சங்கதி. குளிசையின் மேற்பூச்சு வெறும் அழகுக்கு இல்லை, மருந்து இரைப்பையில் கரையாமல் கீழே போய்ச் சேருவதற்கு. ஆகவே உடைத்தோ அரைத்தோ விழுங்கக்கூடாது. பூச்சு கொம்பனிக்குக் கொம்பனி வேறு, மருந்து அவிழ்கிற இடமும் வேறு. மருந்தைக் கொம்பனிப் பெயரால் அல்லாமல் மருந்தின் பெயரால் எழுதி வாங்கும் நல்ல பழக்கத்தைப் பேராசிரியர் சேனக பிபிலே நமக்குப் பழக்கினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது தலைவராக இருந்தவர். எத்தனையோ ஏழைகளின் காசு அதனால் மிஞ்சியது. ஆனாலும் மெசலசீனில் மட்டும், கொம்பனி மாறினால் வாங்குபவரிடம் சொல்லுங்கள். மாறியபிறகு இரத்தம் திரும்ப வந்தால் டொக்டருக்கு அந்தத் தகவல் வேண்டும்.

2022 உங்களுக்கும் நினைவிருக்கும். மருந்து இல்லை, எரிபொருள் இல்லை, நான் சைக்கிளில் போனதால் எனக்குத் தபால் மட்டும் குறையவில்லை. மெசலசீன் முடிந்துகொண்டு வந்தபோது நாளைக்கு ஒன்றாகக் குறைத்து இழுத்தேன். வருத்தம் இல்லைத்தானே என்ற நினைப்பும் இருந்தது. மூன்றாம் மாதம் சட்டியில் சிவப்பைப் பார்த்தேன். வருத்தம் இல்லாததுபோல இருந்ததே மருந்தால்தான். ஆகவே உங்களிடம் தட்டுப்பாடு வரப்போவது தெரிந்தால், கடைசிக் கட்டு விற்ற அன்று சொல்லாமல் ஒரு கிழமை முன்னால் சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். போட்டிதான், தெரியும். இந்த மருந்தை மாவட்டத்தில் எத்தனை பேர் வாங்குகிறோம், இதில் என்ன போட்டி.

இதே வருத்தத்துக்கு, நோயெதிர்ப்பை அடக்குகிற அசாதியோப்பிரின் குடிக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள் என்று. ஆசியரில் சிலருக்குப் பரம்பரையிலேயே அந்த மருந்து ஒத்துவராது, சாதாரண அளவிலேயே வெள்ளணு விழுந்துவிடும். தொண்டைநோ, காய்ச்சல் என்று வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எடுக்கக்கூடாது. அதோடு, கால் பெருவிரல் மூட்டுவலிக்கு அலோப்பியூரினோல் எழுதிய துண்டை அவர் நீட்டினால் கையை நிறுத்துங்கள், எழுதிய டொக்டருக்கு ஒரு கோல் எடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அசாதியோப்பிரின் உடம்பில் தேங்கி விஷமாகும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு மருந்தையும் உண்டாக்கியவர்கள் ஒரே ஆட்கள், கேர்ட்ரூட் எலியனும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும். 1988இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

இனிச் சொல்லப்போவது மருந்து சம்பந்தப்பட்டதல்ல. குதத்தால் வைக்கிற மெசலசீன் எனக்கு எழுதியிருந்த காலம். புண் கடைசிப் பகுதியில் இருந்தால் அதுதான் வாயால் குடிப்பதைவிட நன்றாக வேலை செய்யும். துண்டைக் கொடுத்தேன். பொடியன் நல்ல பொடியன், குறை சொல்ல மனமில்லை. உள்ளே திரும்பி, "அண்ணா, பின்னால வைக்கிற மருந்து எங்க கிடக்கு?" என்று கத்தினான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் நான் தபால் கொடுக்கிற ஒழுங்கையில் இருக்கிற ரீச்சர். அவர் வேறு பக்கம் பார்த்தார். நானும் வேறு பக்கம் பார்த்தேன். அடுத்த ஆறு மாதம் அந்த மருந்தை வாங்கக் கந்தளாய்க்குப் போனேன், இடையில் இரண்டு தரம் போக முடியாமல் மருந்தும் விட்டுப்போனது. ஒரு பெண்பிள்ளை என்றால் என்ன செய்திருப்பாள்? துண்டை வாசித்துவிட்டு நீங்களே போய் எடுங்கள், கடதாசிப் பையில் போட்டுக் கொடுங்கள். எப்படி வைப்பது, படுக்கும்போது வைக்க வேண்டுமா என்று விளங்கப்படுத்துவதானால் மேசை ஓரத்துக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்களில் சிலர் "நாங்கள் டொக்டர் இல்லை" என்பீர்கள். சரி. டொக்டர் வேலையைச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. என் அனுபவத்தில் நீங்கள் டொக்டர் வேலை செய்தது, அது மூலம் என்று சொன்ன அன்றைக்குத்தான்.

வருத்தம் தொடங்கி எட்டு வருடம் கடந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கண் வைத்திருக்க வேண்டும். 2023இல் எனக்குக் கமெரா விட்டுப் பார்த்து, அங்கங்கே சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. முந்தின நாள் குடலைக் கழுவக் குடிக்கிற பவுடரை இந்த ஊரில் ஒரு கடையில்தான் வாங்கினேன். அங்கே நின்ற தங்கை, "எத்தனை மணிக்கு நாளைக்கு?" என்று கேட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை கிளாஸ் என்று பெட்டியில் பேனையால் எழுதித் தந்தார். "அண்ணா, குளிரவிட்டுக் குடியுங்கோ, சத்தி வராது" என்றார். வராமலே முடிந்தது. அந்தப் பெட்டி மட்டை இன்னும் என் கிளினிக் கொப்பிக்குள் கிடக்கிறது.

அடுத்த சம்பளத்துக்குப் பிறகு வரும் சனிக்கிழமை மத்திய வீதிப் பக்கம் வருவேன். மெசலசீன் இரண்டு மாதத்துக்கு வேண்டும். பழைய கொம்பனி இல்லையென்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தபாற்காரர்,
உப்புவெளி, திருகோணமலை.